ஏழாம் நம்பர் முயலும் ஒரு செம்மறியாடும்

ஸ்காபரோவில் எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என்னிடம் கேட்பார்: "நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஆய்வுகூடத்திலை" என்பேன்.

"ஓ, இரத்தம் எடுக்கிறதோ?"

இல்லை என்று விளக்கத் தொடங்கினால் வரிசை நகர்ந்துவிடும். ஆகவே பல வருடங்களாக, "ஓம், இரத்தம் எடுக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை நோக்கி நடந்திருக்கிறேன். அதன் பலனாக, முன்பின் தெரியாத சிலர் தங்கள் கொலஸ்ரரோல் அறிக்கையை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நானும் "எண்ணெயைக் குறையுங்கோ" என்று பதில் போட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

போன மாதம் நான் முன்பு வேலைசெய்த கூடத்திலிருந்து ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெரிய உறைபெட்டியைத் துப்பரவு செய்கிறார்களாம். அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் என் கையெழுத்தில் "ஏழாம் நம்பர். மலரைக் கேட்காமல் தொடவேண்டாம்" என்று இருக்கிறதாம். முன்பு முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த அன்ரிபொடிகள் இப்போது கணினியில் பார்த்து ஓடர் பண்ணினால் தபாலில் வருகின்றன, முயலே தேவையில்லை, இதை எறியலாமா என்று கேட்டாள். ஒரு குழாயை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறியச் சொன்னேன்.

"ஏன், அது இன்னும் வேலை செய்யுமா?"

"நன்றாக வேலை செய்யும். அதுதான் பிரச்சினை."

அவளுக்கு முழுக் கதையும் வேண்டுமாம். ஆங்கிலத்தில் பாதி சொன்னேன். ஆனால் இதன் பகிடியெல்லாம் தமிழில்தான் நடந்தது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவள். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினேன். மாலையில் கல்லூரியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு நகரத்தின் நடுவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. இந்த மூன்றையும் விரித்து எழுதினால் உங்களை அழவைக்கலாம். உண்மை என்னவென்றால், நான் வாழ்க்கையில் ஆகக் கூடுதலாகச் சிரித்தது அந்தப் பிஸ்கட் தொழிற்சாலையில்தான். ஆகவே தாண்டிப் போவோம்.

குடுவை கழுவிக்கொண்டிருந்த நாளில், நாலாம் மாடியில் டொக்டர் ஒல்காவின் கூடத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒல்கா வினிபெக்கில் பிறந்த உக்ரேனியப் பெண். குட்டையான நரைமுடி, ஆண்களின் சேட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. என் சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை. ஒரு குழாய் நிறையத் தண்ணீரையும் உறிஞ்சியையும் தந்து, "இதை இந்தச் சின்னக் கிண்ணங்களில் ஒரே அளவாகப் பிரி" என்றார். பிறகு மேசை ஓரத்தில் சாய்ந்து நின்று ஓர் அப்பிளைக் கடித்துக்கொண்டு என் கையை மட்டும் பார்த்தார். அப்பிள் முடிந்ததும், "திங்கட்கிழமை வரமுடியுமா?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அவரை எல்லோரும் ஒல்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாயில் அது வரவில்லை. ஒரு பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு எனக்குத் துணிவில்லை. "டொக்டர்" என்றேன். "ஒல்கா" என்று திருத்தினார். "ஓம், டொக்டர்" என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு "டொக்டர் ஒல்கா" என்பதில் இரண்டு பேரும் சமாதானமானோம்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். "சுவாரசியமாக இருக்கிறது" என்பார். புதிதாக வருகிற மாணவர்கள் அதைக் கேட்டுப் பூரித்துப் போவார்கள். எங்களுக்குத்தான் தெரியும், அதன் பொருள் "இதில் எங்கோ பிழை இருக்கிறது, போய்த் தேடு" என்று. "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றாரென்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மத்தியானம் சாப்பிடாது.

அவர் தன் வாழ்நாளைக் கொடுத்தது ஒரேயொரு புரதத்துக்கு. அதன் பெயர் கிளஸ்ரரின். புரதங்கள் நூல்போலப் பிறக்கின்றன. பிறகு மடிந்து சுருண்டு ஓர் உருவத்துக்கு வந்தால்தான் அவற்றால் வேலை செய்யமுடியும். மடிப்புப் பிழைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மறதி நோய் வந்தவர்களின் மூளையில் அப்படிக் கட்டிகள் படிந்திருக்கும். மடிப்புப் பிழைத்ததைக் கண்டால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிற துணைப்புரதங்கள் சில உண்டு. மணவறைக்குப் போகும் பொம்பிளையின் பின்னாலே குனிந்தபடி, சேலைக் கொய்யக மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு போகிற பெண் ஒருத்தி இருப்பாளே, அவளைப்போல.

ஆனால் கிளஸ்ரரின் அந்த ஒரு வேலையோடு நிற்காது. கொழுப்பைக் காவிக்கொண்டு போகும். குப்பையை அள்ளும். ஓரிடத்தில் கலத்தைச் சாகவிடாமல் காக்கும். இன்னோரிடத்தில் சாவதற்கு உதவி செய்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு கூடமும் அதைத் தனித்தனியே கண்டுபிடித்து வேறுவேறு பெயர் வைத்திருந்தது. கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், முதியோர் ஒன்றியம் மூன்றிலும் பொறுப்பில் இருக்கிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கே போனாலும் நிற்பார். என்ன செய்கிறார் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது.

இப்படிப்பட்ட ஆளைக் கூட்டத்தில் பிடிப்பதற்குத்தான் அன்ரிபொடி. சுத்தமாக்கிய கிளஸ்ரரினை ஒரு முயலுக்கு ஊசியில் ஏற்றினால், முயலின் உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி, அதை மட்டும் தேடிப்பிடிக்கிற பொருளைத் தன் இரத்தத்தில் செய்யும். அந்த இரத்தத்தின் தெளிந்த நீர்தான் எங்களுடைய கருவி. ஒல்கா இளம் ஆராய்ச்சியாளராக இருந்தபோது பல முயல்களுக்கு ஊசி போட்டார். ஏழாவது முயல்தான் நல்ல அன்ரிபொடியைத் தந்தது. முயல் எப்போதோ செத்துப்போனாலும் அதன் புகழ் சாகவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருந்து "ஏழாம் நம்பரில் கொஞ்சம் தரமுடியுமா" என்று கேட்டு எழுதுவார்கள். ஒல்காவும் ஐஸில் வைத்து அனுப்புவார்.

என் கணவருக்கு இதை முதன்முதல் விளக்கியபோது, "அன்ரிப்பொடியோ? எந்த அன்ரியின்ரை பொடி? மிளகாய்ப்பொடியோ?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்லமுடியாமல் போயிற்று.

வேலை இப்படி நடக்கும். மூளைத் துண்டைக் குளிரறையில் வைத்து, கண்ணாடிக் குழாயில் கையால் அரைக்க வேண்டும். அரைத்ததைக் கொதிக்கவைத்து, ஜெலி போன்ற ஒரு தட்டின் தலைப்பில் வரிசை வரிசையாக ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால், சின்னப் புரதங்கள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கும். அந்த வரிசையை அப்படியே ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்ற வேண்டும். தாளுக்கும் ஜெலிக்கும் நடுவில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் காரியம் கெட்டது. உருளையால் உருட்டி உருட்டி வெளியேற்ற வேண்டும். பிறகு தாளைப் பாலில் ஊறவைப்போம். சுப்பர் மார்க்கட்டில் வாங்குகிற அதே பால்மாதான். விலையுயர்ந்த இரசாயனங்களுக்கு நடுவில் என் அலுமாரியில் எப்போதும் ஒரு பால்மாப் பெட்டி இருக்கும்; தேத்தண்ணிக்கு அதைக் களவெடுக்கிறவர்களை நான் அறிவேன். தாளில் புரதம் படியாத வெற்றிடங்களைப் பால் அடைத்துவிடும். அதன்மேல் ஏழாம் நம்பரை ஊற்றி விடிய விடிய ஆட்டவிட்டால், அது தனக்குரிய புரதத்தைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். மறுநாள், முயலின் அன்ரிபொடியைப் பிடிக்கிற இன்னோர் அன்ரிபொடி. அதன் வாலில் வெளிச்சம் தருகிற ஒரு பொருள். இருட்டறையில் படம் பிடித்தால், கிளஸ்ரரின் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தே என் தலைமுடி நரைத்தது.

குமார் வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு ஏழெட்டு வருடங்கள் இருக்கும்போது. முழுப்பெயர் முத்துக்குமார், விருதுநகரிலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்த பிள்ளை. முதல் நாள் என்னை "மேடம்" என்றார். இரண்டாம் நாள் "ஆன்ட்டி" என்றார். மூன்றாம் நாள் நான் மறித்தேன்.

"தம்பி, இந்தக் கூடத்திலை ஏற்கெனவே ஃபிரிட்ஜ் நிறைய அன்ரிபொடி இருக்கு. நீர் என்னை அக்கா எண்டு கூப்பிடும்."

அவர் திகைத்து நின்றார். "அக்கா, நீங்க என்னை 'நீர்'னு கூப்பிடறப்போ அரச சபையில நிக்கிற மாதிரி இருக்கு."

ஒரே மொழியைப் பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் விளங்காமல் போவதில் எங்கள் இருவருக்கும் நல்ல தேர்ச்சி. "உம்மோடை கொஞ்சம் கதைக்க வேணும்" என்றால், "என்ன கதைக்கா?" என்று கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் "பிறபொருளெதிரி" என்று படித்ததைச் சொன்னேன். "எங்க புஸ்தகத்துல எதிர்ப்பொருள்னு இருக்கும்" என்றார். இரண்டு பேரும் அன்ரிபொடி என்றே வைத்துக்கொண்டோம்.

கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் குளிர் மட்டும் ஆகாது. விருதுநகர் வெயிலில் வளர்ந்த உடம்பு. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு தடித்த கம்பளி ஸ்வெற்றர் அவரிடம் இருந்தது. கடல்நீல நிறம், முழங்கையில் நூல் பிரிந்து தொங்கும். குளிரறைக்குள் போகும்போது அதை அணிந்து, அதன்மேல் வெள்ளைக் கோட்டைத் திணித்துக்கொள்வார். பார்க்கத் தலையணைக்கு உறை போட்டதுபோல இருக்கும். "உந்த ஸ்வெற்றரைக் கழுவித்தான் போடுறீரோ?" என்று கேட்பேன். "கழுவினா சுருங்கிடும்க்கா" என்பார்.

மறதி நோயில் இறந்தவர்கள் சிலர் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குத் தானம் செய்திருந்தார்கள். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. குறியெண் மட்டுமே வரும். நோயில்லாமல் இறந்தவர்களுடைய துண்டுகளை நான் முன்பே அரைத்து வைத்திருந்தேன். நோயாளிகளுடையதைக் குமார் அரைத்தார். இரண்டையும் ஒரே தட்டில் ஓடவிட்டார்.

கிளஸ்ரரின் தன் வழக்கமான இடத்தில் கோடு போட்டது. ஆனால் நோயாளிகளுடைய வரிசைகளில் மட்டும் அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கோடு. கூர்மையான, அழகான கோடு. சுகமானவர்களுடைய வரிசைகளில் அந்த இடம் வெறுமை. திரும்பச் செய்தார், திரும்ப வந்தது. நோய் வந்த மூளையில் கிளஸ்ரரின் வேறோர் உருவம் எடுக்கிறது, அந்த உருவம்தான் கலங்களைக் கொல்கிறது என்று எழுதலானார்கள். குமாருடைய ஆய்வேடு முழுவதும் அந்தக் கோட்டின்மேல் எழும்பியது. ஒரு பெரிய மாநாட்டில் அதைப்பற்றிப் பேச ஒல்காவுக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஒல்கா அதுவரை "சுவாரசியம்" என்ற சொல்லை எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கால் தரையில் படாமல் திரிந்தோம்.

அந்த நேரத்தில் குமார் தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்குப் போனார். புதிதாக வந்த சில நோயாளிகளின் துண்டுகளை நான் அரைத்து ஓடவிட்டேன். கிளஸ்ரரின் வந்தது. இரண்டாவது கோடு வரவில்லை.

குமார் கலியாண லட்டோடு திரும்பி வந்தார். படத்தைப் பார்த்தார். லட்டைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க சரியா அரைக்கலையோ?"

எனக்கு எங்கே வந்ததோ தெரியாது கோபம். "நான் அரைக்கத் தொடங்கேக்கை நீர் பிறக்கேல்லை."

"அதுக்கில்லக்கா. ஒருவேளை அந்தப் புது உருவம் சிதைஞ்சு போயிருக்கலாம்ல."

"என்ரை கையிலை ஒண்டும் சிதையிறேல்லை."

மறுநாள் அதே துண்டுகளில் மிச்சத்தை அவர் அரைத்தார். கோடு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லாதது இன்னும் மோசம். நான் திரும்ப அரைத்தேன். வரவில்லை. இப்படி ஒரு கிழமை, இரண்டு பேரும் ஒரே கூடத்தில், பகைவீட்டுக்காரர்போல, முகம் பார்க்காமல் மூளை அரைத்தோம்.

கடைசியில் இரண்டு பேருடைய படங்களையும் ஒல்கா யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"மிகவும் சுவாரசியமாக இருக்கிறது."

குமாருடைய முகம் வெளுத்தது. என்னுடையதும் வெளுத்திருக்கும், என் நிறத்துக்கு வெளியில் தெரியாது.

ஒல்கா என்ன செய்தாரென்றால், தானே குழாய்களுக்குக் குறி போட்டார். எது நோயாளியுடையது, எது சுகமானவருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் பாதியை எனக்கும் பாதியைக் குமாருக்கும் தந்தார். அத்தோடு, மூளையே இல்லாத வெறும் திரவம் மட்டும் உள்ள குழாய்களையும் நடுவில் கலந்து வைத்தார். "வெறும் குழாயையும் அரையுங்கள்" என்றார். "மற்றவை போகிற இடமெல்லாம் அதுவும் போய்வர வேண்டும்."

படம் வந்த அன்று மூன்று பேரும் சுற்றி நின்றோம். ஒல்கா தன் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு வரிசையின் கீழும் எழுதிக்கொண்டே வந்தார். குமார் அரைத்த நோயாளிகள்: கோடு. குமார் அரைத்த சுகமானவர்கள்: கோடு. குமார் அரைத்த வெறும் குழாய்: அதே கூர்மையான, அழகான கோடு. என்னுடையதில் ஒன்றிலும் இல்லை.

அந்தக் கோடு நோயைத் தொடர்ந்து போகவில்லை. குமாரைத் தொடர்ந்து போயிருக்கிறது.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஒரு கிழமையாக நான் கேட்டது அதைத்தானே. ஆனால் அந்தப் பிள்ளை கதிரையில் இருந்த விதத்தைப் பார்த்ததும், பிழை என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. நான் ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கிற ஆள். எனக்கு அதனால் என்ன போகும்?

ஒல்கா அந்தக் கோட்டை ஜெலியிலிருந்து வெட்டியெடுத்து, அது என்ன புரதம் என்று எடைபோட்டுச் சொல்கிற பிரிவுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் எங்களைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தார். கிளஸ்ரரின் இல்லை. மனிதப் புரதமே இல்லை. கெரற்றின், அதாவது முடியிலும் நகத்திலும் இருக்கிற புரதம். பிராணி: செம்மறியாடு.

"செம்மறியாடா?" என்றார் குமார். "நம்ம லேப்ல ஏது ஆடு?"

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் கையைத் தூக்கி, முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்த கடல்நீல நூலைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

அவர் வெளியே போய்விட்டார். நான் மத்தியானச் சாப்பாட்டு அறையில் அவரைக் கண்டேன். என் புட்டுப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினேன்.

"நாலு வருஷம்க்கா" என்றார். "நாலு வருஷமா என் ஸ்வெட்டரை ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். நான் ஊருக்கே போயிடறேன்."

"அங்கை போய் என்ன செய்வீர்?"

"அப்பாவோட பருப்புக் கடை இருக்கு."

"பருப்புக் கடையிலை கலப்படம் எண்டு பிடிச்சால் உள்ளுக்கை போடுவாங்கள். இங்கை தேத்தண்ணி தந்து திரும்பச் செய் எண்டு சொல்லுறாங்கள். எது வசதி எண்டு நீரே பாரும்."

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். "எல்லாம் ஆட்டு முடி" என்றார்.

"ஓம், ஆட்டு மயிர்தான்."

"அக்கா!" அறையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த வார்த்தை எங்க ஊர்ல கெட்ட வார்த்தை."

"எங்கடை ஊரிலை அது தலையிலை வளருறது. புட்டைச் சாப்பிடும்."

சாப்பிட்டார். சம்பல் உறைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் உறைப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒல்காவுக்கு வேறொரு கேள்வி. கம்பளி நூல் குழாய்க்குள் விழுந்தது சரி. கிளஸ்ரரினைத் தேடுகிற ஏழாம் நம்பர் அதை ஏன் பிடித்தது? அவர் இரண்டு நாள் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் கத்தரிக்கோலோடு என் மேசைக்கு வந்து, தன் நரைமுடியில் கொஞ்சத்தை வெட்டி ஒரு குழாயில் போட்டார்.

"மலர், உன்னுடையதும் தா. குமாரையும் கூப்பிடு."

மூன்று பேருடைய முடியையும் கொதிக்கவைத்துக் கரைத்து ஒரே தட்டில் ஓடவிட்டேன். யாழ்ப்பாணம், விருதுநகர், வினிபெக். ஏழாம் நம்பர் மூன்றையும் ஒரு பாகுபாடும் இல்லாமல் பிடித்தது. ஓரத்தில் குமாரின் ஸ்வெற்றர் நூலையும் போட்டிருந்தேன், அதையும் பிடித்தது.

ஒல்கா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த முயலுக்கு ஊசி போட்டபோது எனக்கு இடுப்புவரை தலைமுடி. கட்டுவதற்குப் பொறுமையில்லை. அந்தப் புரதத்தைச் சுத்தமாக்கியவள் நான். நான் அந்த முயலுக்குக் கொடுத்தது கிளஸ்ரரினை மட்டுமல்ல. என்னையும் சேர்த்துத்தான்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த எல்லாக் கட்டுரைகளிலும் ஏழாம் நம்பர் இருந்தது. அடுத்த சில மாதங்கள் நானும் குமாரும் பழைய பரிசோதனைகளை, வெறும் குழாயோடும் பருத்திச் சட்டையோடும், ஒன்றொன்றாகத் திரும்பச் செய்தோம். அநேகமானவை முன்புபோலவே சரியாக வந்தன. ஒரு கட்டுரையில் ஒரு படம் மட்டும் சரிவரவில்லை. அதற்கு ஒல்கா தானே திருத்தம் எழுதி அனுப்பினார்.

மாநாட்டை அவர் கைவிடுவார் என்று நினைத்தோம். அவர் குமாரைக் கூப்பிட்டு, "உன் ஸ்வெற்றரைப்பற்றிப் பேச அனுமதி தருவாயா?" என்று கேட்டார். குமார் யோசித்து, "என் பெயரைச் சொன்னால், உங்கள் முடியையும் சொல்லவேண்டும்" என்றார். மாநாட்டில் ஒல்கா இரண்டையும் சொன்னார். சபை முதலில் சிரித்ததாம். பேச்சு முடிந்ததும், முன்பு ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டு போன வேறு கூடத்துப் பெண்மணி ஒருவர் எழுந்து, தங்களிடமும் அதே இடத்தில் ஒரு கோடு வருகிறது, அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டோம் என்றாராம். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை என்று குமார் வந்து சொன்னார்.

குமார் ஊருக்குப் போகவில்லை. ஏழாம் நம்பரிலிருந்து முடியைப் பிடிக்கிற பங்கை வடித்து நீக்கி, கிளஸ்ரரினை மட்டும் பிடிக்கிற பங்கைப் பிரித்தெடுத்தார். அதை வைத்து, நோயாளிகளின் மூளையில் கிளஸ்ரரின் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். ஆய்வேடு சிறிதாயிற்று. ஆனால் பட்டம் கிடைத்தது. இப்போது எட்மன்டனில் படிப்பிக்கிறார். இங்கேயே குளிர் தாங்காத பிள்ளை, அங்கே எப்படி இருக்கிறாரோ.

குமார் எங்கள் கூடத்தில் அந்தப் புதுப் பரிசோதனையைத் தொடங்கியிருந்த வசந்தத்தில்தான் புவனேஸ்வரி அன்ரி வந்தார்.

மூளையைத் தானம் செய்தவர்களின் குடும்பங்களுக்கு நன்றி சொல்ல எங்கள் நிலையம் வருடத்துக்கு ஒருமுறை கீழ் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கும். கோப்பி, மஃபின், சில பேச்சுகள். அன்ரி விட்பியிலிருந்து ரெயினில் தனியாக வந்திருந்தார். சேலைக்கு மேல் தடித்த ஜக்கற், கையில் மடித்த நிகழ்ச்சித்தாள். என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"பிள்ளை, நீர் தமிழோ?"

"ஓம் அன்ரி."

"என்ரை மனுசன்ரை மூளையைக் குடுத்தனாங்கள். அவர்தான் சுகமா இருக்கேக்கை கையெழுத்து வைச்சவர். மகனுக்கு அவ்வளவா விருப்பமில்லை." சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏதும் கண்டுபிடிச்சனீங்களோ?"

எங்களுக்கு இதற்கென்று ஒரு வசனம் சொல்லித் தந்திருந்தார்கள். "ஒவ்வொரு தானமும் ஆராய்ச்சியை முன்னுக்குக் கொண்டு போகுது அன்ரி" என்றேன்.

"அது இந்தத் தாளிலை இருக்கு. நான் ரெயினிலை வாசிச்சனான். நீர் சொல்லும்."

என்ன சொல்ல? அவருடைய கணவரின் துண்டும் குமார் அரைத்தவற்றுள் இருந்திருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். நான் அவரை ஓர் ஓரக் கதிரையில் இருத்தி, உள்ளதைச் சொன்னேன். ஒரு கோடு கண்டோம், சந்தோசப்பட்டோம், அது ஆட்டுக் கம்பளி, இப்போது திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. மனுசனைக் கொடுத்த பெண்ணிடம் ஸ்வெற்றர் கதை சொல்கிறேனே என்று.

அன்ரி கோப்பியைக் குடித்து முடித்தார்.

"அவரும் உப்பிடித்தான்" என்றார். "அஜின்கோர்ட்டிலை ஒரு கடையிலை மீன் மலிவெண்டு ஆரும் சொன்னால், விட்பியிலையிருந்து காரெடுத்துக்கொண்டு போவார். போனால் கடை பூட்டு. வெறுங்கையோடை வந்து, 'புவனம், கடை பூட்டெண்டு நிச்சயமாத் தெரிஞ்சிட்டுது' எண்டு சொல்லுவார். ஏதோ பெரிய காரியம் முடிச்ச மாதிரி." வெறும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உங்களோடை அவருக்குப் பொருந்தியிருக்கும்" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நன்றிக் கூட்டத்தில் அப்படிச் சிரிக்கக்கூடாது. ஒல்கா மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து வந்து என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அன்ரிக்குப் பக்கத்துக் கதிரையில் ஒல்கா உட்கார்ந்து, "மேலே வந்து எங்கள் வேலையைப் பார்க்க அவருக்கு விருப்பமா என்று கேள்" என்றார்.

மூன்று பேருமாக நாலாம் மாடிக்குப் போனோம். குமார் மூளைச் சீவல் ஒட்டிய ஒரு கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்ரியைக் கண்டு எழுந்து கதிரையைக் கொடுத்தார்.

"வாங்கம்மா. இப்படி உக்காந்து, ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

அன்ரி குனிந்தார். "ஏதோ மண்ணிறமாத் தெரியுது. நடுவிலை ஒரு திட்டு. அதைச் சுத்தி வளையம்."

"நடுவிலை இருக்கிறதுதான் அன்ரி வருத்தக் கட்டி" என்றேன். "சுத்தி நிக்கிறதுதான் நாங்கள் தேடுற புரதம். கட்டி பெருக்காமல் பிடிக்கிறதுக்காக ஓடி வந்து நிக்குது எண்டு நினைக்கிறம்."

"இது ஆரின்ரை மூளை?"

"தெரியாதன்ரி. எங்களுக்குச் சொல்லமாட்டினம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "பிடிச்சதோ?"

நான் ஒல்காவைப் பார்த்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குக் கேள்வி விளங்கியிருக்க வேண்டும். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இல்லை அன்ரி. ஏலாமல் போட்டுது."

கீழ் மண்டபத்தில் கைதட்டுகிற சத்தம் படிவழியாக மெல்லக் கேட்டது. கடைசி இரண்டு வருடம் தன்னை யாரென்று தெரியாத கணவனுக்குச் சோறு தீத்தியவர் அவர் என்று பிறகு ரெயின் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் எனக்குச் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது.

"ஏலாமல் போனாலும், விட்டிட்டுப் போகேல்லை, என்ன?" என்றார்.

"ஓம் அன்ரி. விட்டிட்டுப் போகேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தரம் குனிந்தார். குமார் கையை நீட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.